இரண்டரை ஏக்கர் என்றால் எவ்வளவு?

பெப்ரவரி 11

மல்லாவியிலிருந்து உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: “வளையியின் கீழுள்ள பரப்பைச் சரிவகம் சரிவகமாக வெட்டிக் கூட்டுவது பரீட்சைக்கு மட்டுந்தான். சமன்பாடு தெரிந்தால் தொகையிட்டுவிடலாம். தெரியாவிட்டால் போன் இருக்கிறது. வன்னியில் யாராவது ஒருமுறையாவது இதை வைத்து ஒரு வேலை பார்த்திருந்தால் சொல்லுங்கள், என் சைக்கிளைத் தருகிறேன்.”

சைக்கிளைத் துடைத்து வையும், தம்பி. நேற்றுத்தான் பார்த்தேன்.

மாங்குளத்துக்குக் கிழக்கே எங்கள் பக்கம் காலபோக வெட்டு நடக்கிறது. பக்கத்து வயல் அண்ணைக்கும் வெட்டு மிசின்காரருக்கும் வாக்குவாதம். கூலி ஏக்கர் கணக்கு. மிசின்காரர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வயலை ஒரு சுற்று நடந்தார், 2.66 ஏக்கர் என்று காட்டியது. அண்ணையின் பேர்மிற்றில் இரண்டரை. “நீ கணக்குப் படிப்பிக்கிறனிதானே, வந்து அளந்து சொல்லு” என்று என்னை இழுத்துக்கொண்டு போனார்.

வயல் மூன்று பக்கம் நேர்க்கோடு. நாலாவது பக்கம் ஓடை. ஓடைக்கு யாரும் சமன்பாடு எழுதி வைக்கவில்லை. ரோட்டுப் பக்க வரம்பு 120 மீற்றர். அதில் 20 மீற்றருக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொரு முளையிலிருந்தும் செங்குத்தாக ஓடைக்கரை வரை கயிறு பிடித்தோம். செங்கோணத்துக்குக் கயிற்றில் 3, 4, 5 முடிச்சு. கிடைத்த நீளங்கள் மீற்றரில்: 62, 78, 88, 93, 91, 82, 66.

கூட்டினால் 560. ஏழால் வகுத்தால் சராசரி 80. 120 × 80 = 9600 சதுர மீற்றர். அதாவது 2 ஏக்கரும் 60 பேர்ச்சும் (160 பேர்ச் ஒரு ஏக்கர்). பேர்மிற்றில் இருப்பதைவிடக் குறைவு. அண்ணைக்கு முகமெல்லாம் சிரிப்பு. மிசின்காரர் ஒன்றும் பேசாமல் மிசினை ஸ்ராட் பண்ணினார்.

பெப்ரவரி 12, காலை

மேலே எழுதியது பிழை. இரவு படுத்த பிறகுதான் உறைத்தது.

நீளம் ஏழு, இடைவெளி ஆறு. வேலி போடுகிறவனுக்குத் தெரிந்த சங்கதி: கட்டை எண்ணிக்கை வேறு, இடைவெளி வேறு. நடுவிலுள்ள ஒவ்வொரு நீளமும் தன் இரு பக்கமும் பத்துப் பத்து மீற்றருக்குப் பொறுப்பு. முதலாவதும் கடைசியும் ஒரு பக்கம் பத்து மீற்றருக்கு மட்டும். அவற்றைப் பாதியாக எடுக்க வேண்டும். நான் முழுதாக எடுத்துச் சராசரியைக் கீழே இழுத்துவிட்டேன்.

20 × (64 + 78 + 88 + 93 + 91 + 82) = 20 × 496 = 9920. அதாவது 2 ஏக்கர் 72 பேர்ச். நேற்றுச் சொன்னதைவிட 12 பேர்ச்சுக்கு மேல் கூட. யாழ்ப்பாணக் கணக்கில் ஒரு பரப்புக் காணியையே விழுங்கியிருக்கிறேன் (பத்துப் பேர்ச் ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஒரு ஏக்கர்).

இதே பிழைக்கு ரியூசனில் எத்தனை பிள்ளைகளின் கொப்பியில் சிவப்புக் கோடு போட்டிருப்பேன்! அதைவிட உறுத்துவது வேறொன்று. பிழை சாய்ந்தது, நான் தேத்தண்ணி குடித்த வீட்டுப் பக்கம். மிசின்காரர் வீட்டில் குடித்திருந்தால் முதலிலேயே சரிபார்த்திருப்பேனோ என்னவோ.

பெப்ரவரி 12, இரவு

“சிம்சன் விதியைப் போட்டிருக்கலாமே” என்று மூன்று பேர். போடலாம், கீற்றுகள் ஆறு, இரட்டை எண். முனைகள் ஒரு பங்கு, ஒன்றுவிட்டொன்று நாலு பங்கும் இரண்டு பங்கும்:

20/3 × (62 + 66 + 4 × 253 + 2 × 179) = 20/3 × 1498 = 9987. கிட்டத்தட்ட 2 ஏக்கர் 75 பேர்ச்.

சரிவகம் ஏன் குறைத்துக் காட்டுகிறது என்பதைப் படம் போடாமலே சொல்லலாம். வயல் ஓடைப்பக்கம் வயிறு தள்ளி நிற்கிறது. இரண்டு முளைக்கு நேரே உள்ள கரைப்புள்ளிகளைக் கயிற்றால் இணைத்தால் கயிறு வயலுக்குள் விழும். கயிற்றுக்கு வெளியே ஒரு பிறைத்துண்டு மிஞ்சும். ஆறு பிறை சேர்ந்து இரண்டரைப் பேர்ச். சிம்சன் அந்த இடத்தில் கயிற்றுக்குப் பதில் பரவளைவை வைக்கிறது, அவ்வளவுதான்.

பெப்ரவரி 14

சரி, போன் ஏன் 2.66 காட்டியது? மிசின்காரர் கள்ளக்கணக்குக் காட்டினார் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இல்லை, அவர் நேர்மையாகத்தான் நடந்தார்.

போன் செய்வதும் நாங்கள் செய்ததுதான். நடந்த பாதையில் புள்ளி புள்ளியாக ஆள்கூறு எடுத்து, புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைத்து, ஒவ்வொரு கோட்டின் கீழும் வரும் சரிவகங்களைக் கூட்டிக் கழிக்கிறது. போகும்போது கூட்டல், திரும்பும்போது கழித்தல். தம்பி, “தெரியாவிட்டால் போன் இருக்கிறது” என்றீரே, போனுக்குள்ளும் சரிவகந்தான் இருக்கிறது.

சிக்கல் எங்கே? வயலுக்குள் நெல் நிற்கிறது, அதனால் அவர் வரம்புக்கு வெளியே நடந்தார். ஓடைப்பக்கம் வழுக்குமென்று இன்னும் தள்ளி நடந்தார். வயலின் சுற்றளவு ஏறக்குறைய 385 மீற்றர். ஒரு மீற்றர் வெளியே தள்ளி நடந்தால் 385 சதுர மீற்றர் கூடும், அதாவது 15 பேர்ச். இரண்டு மீற்றர் தள்ளினால் 30 பேர்ச். 2 ஏக்கர் 75 பேர்ச்சோடு 30 பேர்ச்சைக் கூட்டிப் பாருங்கள்: 2.66 ஏக்கர்! இதற்குமேல் போனே இரண்டு மூன்று மீற்றர் அங்கும் இங்கும் தடுமாறும்.

ஆக, சரிவகமா சிம்சனா என்று நாங்கள் இரண்டரைப் பேர்ச்சுக்கு அடிபட்டுக்கொண்டிருக்க, வரம்பின் எந்தப் பக்கம் கால் வைப்பது என்பது முப்பது பேர்ச். முதலாம் நாளே இதைத்தான் கேட்டிருக்க வேண்டும்: கூலி வயலுக்கா, வரம்புக்கும் சேர்த்தா?

பெப்ரவரி 15

மனம் கேட்கவில்லை. இன்று வெட்டு முடிந்த வயல். வெறுங்காலோடு போய், இடையிடையே பத்து மீற்றரிலும் அளந்தேன். புதிய ஆறு நீளங்கள்: 71, 84, 91, 93, 87, 74.

சரிவகம் இப்போது 9960. சிம்சன் 9973.

இடைவெளியைப் பாதியாக்கியதும் சரிவகம் 40 சதுர மீற்றர் ஏறியது. சிம்சன் 13 இறங்கியது, அது வெறும் அரைப் பேர்ச். இரண்டும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. உண்மை எங்கே இருக்கிறது என்று பார்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது: பாதியாக வெட்டி மறுபடி அளந்து, விடை எவ்வளவு அசைகிறது என்று பார்ப்பது.

சிம்சன்தான் எப்போதும் நல்லது என்றவருக்கு: ஓடை ஒரு மருதமரத்தடியில் முறிந்து திரும்புகிறது. அந்த முறிவைப் பரவளைவு வழித்துவிடும். முறிவு இருக்கும் இடத்தில் ஒரு முளை அடித்து, அந்த இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். நான் அடிக்கவில்லை. அந்த 13 அங்கேதான் போயிருக்கும் என்று சந்தேகம்.

பெப்ரவரி 20

அண்ணையின் தகப்பன், நாங்கள் அப்பு என்போம், எல்லாம் முடிந்த பிறகு திண்ணையிலிருந்து சொன்னது: “அது அஞ்சு புசல் வயலடா. என்னத்துக்குக் கயிறு?”

ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல். ஐந்து புசல் என்றால் இரண்டரை ஏக்கர். எறிகிற கை ஒரே சீராக எறிந்தால் நெல்லே பரப்பைக் கூட்டிச் சொல்லிவிடும், கோணல்மாணலான ஓடைக்கரை உட்பட. 2009-க்குப் பிறகு ஊருக்குத் திரும்பி வந்தபோது வரம்பு எது பற்றை எது என்று தெரியாத நிலையில், அப்பு எல்லையை நினைவில் எடுத்ததும் புசல் கணக்கில்தான். நான் அப்போது அதைப் பழங்கதை என்று நினைத்தேன்.

(இப்போது ஏக்கருக்கு மூன்று புசலும் எறிகிறார்கள். அதனால் அப்புவின் அலகு வீங்கிவிட்டது. அது வேறு கதை.)

மார்ச் 3

குளத்தின் பரப்பை எப்படி எடுப்பது என்று ஒரு கேள்வி. செங்குத்து நீளம் எடுக்க யார் நீந்துவது?

எங்கள் ஊர்ச் சின்னக் குளம் வான் பாயும் (நிறைந்து வழியும்) நேரத்துச் செய்மதிப் படத்தை அச்செடுத்தேன், ஒரு சென்ரிமீற்றருக்கு 50 மீற்றர். அலைகரையைத் தடித்த மட்டையில் ஒற்றி வெட்டினேன். அதே மட்டையில் பத்துக்குப் பத்துச் சென்ரிமீற்றர் சதுரம் ஒன்றும் வெட்டினேன். இரண்டையும் நகைக்கடைத் தராசில் வைத்தேன். சதுரம் 3.20 கிராம், குளம் 3.11 கிராம். அப்படியென்றால் குளம் 97.2 சதுர சென்ரிமீற்றர். ஒரு சதுர சென்ரிமீற்றர் 2500 சதுர மீற்றர். ஏறத்தாழ 60 ஏக்கர். தராசு அரைச் சதவீதம்கூடப் பிசகாது. பிசகினால் என் கத்தரிக்கோல்தான்.

கடைக்காரர் குளத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு “என்ன மொடல்?” என்றார்.

பைத்தியக்காரத்தனம் என்பவர்களுக்கு: கலிலியோ இதைச் செய்தவர். சில்லில் ஒட்டிய புள்ளி உருளும்போது போடும் வளையியின் பரப்பைக் கணக்கால் பிடிக்க முடியாமல், வெட்டி நிறுத்துப் பார்த்தார். பிறகு 1854-இல் அம்ஸ்லர் என்ற சுவிஸ் நாட்டவர் ஒரு கருவி செய்தார். அதன் ஊசியால் எல்லைக்கோட்டைச் சுற்றி வந்தால் போதும், உள்ளே இருக்கும் பரப்பைச் சக்கரம் எண்ணிச் சொல்லும். நில அளவையாளர் மேசைகளில் கணினி வரும்வரை இருந்த சாமான் அது.

மார்ச் 4

நேற்று எழுதாமல் விட்டது: முதல் தடவை சதுரத்தைக் காலையிலும் குளத்தை மழைக்குப் பிறகும் நிறுத்து, 62 ஏக்கர் எடுத்தேன். மட்டை ஈரம் குடிக்கும். இரண்டையும் ஒன்றாக வைத்திருந்து ஒரே நேரத்தில் நிறுக்க வேண்டும்.

ஏப்ரல் 2

சிறுபோகப் பயிர்க்கூட்டம். எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுக்கும் கூட்டம். துருசடி (மதகடி) அளவுகோலில் தண்ணீர் 4 அடி. வான் மட்டம் 8 அடி. ஒருவர் எழும்பி “பாதிக் குளம் கிடக்கு, பாதி வயலை விதைப்பம்” என்றார். கைதட்டும் விழுந்தது.

நான் கையை உயர்த்தினேன். போன வருடம் தண்ணீர் இறங்க இறங்க, ஒவ்வொரு இரண்டு அடிக்கும் நீர்க்கரையைச் சுற்றி நடந்து அளந்து வைத்திருந்தேன். 2 அடியில் 4 ஏக்கர், 4 அடியில் 15, 6 அடியில் 34. நிறைந்தால் மேலே சொன்ன 60. அடிமட்டத்தில் பூச்சியம். குளம் என்பது பெட்டி அல்ல, தாம்பாளம். மேலே போகப் போக விரியும்.

இங்கே வளையி என்பது உயரத்துக்கு எதிரே நீர்ப்பரப்பு. அதன் கீழுள்ள பரப்புத்தான் கொள்ளளவு, அலகு ஏக்கர் அடி. சிம்சன்: 2/3 × (0 + 16 + 30 + 136 + 60) = 161 ஏக்கர் அடி. நாலடி வரைக்கும் மட்டும்: 2/3 × (0 + 16 + 15) = 21 ஏக்கர் அடி.

161-இல் 21. பாதி அல்ல, எட்டில் ஒன்று.

கூட்டத்தில் சத்தமில்லை. பிறகு ஒருவர், “அப்ப வருஷா வருஷம் கடைசித் தண்ணி காணாமல் போறது வாய்க்கால்காரன் களவெடுத்து இல்லையோ?” என்று கேட்டார். வாய்க்கால்காரர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

மேல் இரண்டடிக்குள் மட்டும் கிடப்பது: (34 + 60) / 2 × 2 = 94 ஏக்கர் அடி. மொத்தத்தில் பாதிக்கு மேல். இரணைமடுவின் நீர்மட்டத்தை 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தியபோது “இரண்டடிதானே” என்றவர்கள் இருந்தார்கள். அந்த இரண்டடி எந்த இரண்டடி என்பதுதான் விசயம்.

ஏப்ரல் 3

கேட்டிருக்கிறார்கள், குளத்துக்குச் சரிவகம் போட்டால் என்ன வரும்? 2 × (4 + 15 + 34 + 30) = 166. இம்முறை கூடக் காட்டுகிறது. வயலில் குறைத்தது, குளத்தில் கூட்டுகிறது. வயல் வளையி வெளியே வயிறு தள்ளியது, குளத்து வளையி உள்ளே ஒட்டியது. பிழை எந்தப் பக்கம் விழும் என்பது வளைவைப் பார்த்தே தெரியும். விதைப்புத் தீர்மானிக்கிறவனுக்கு இது சின்ன விசயமில்லை. இல்லாத ஐந்து ஏக்கர் அடியை நம்பி விதைத்தால் கதிர் தள்ளும் நேரத்தில் குளத்தில் சேறுதான் இருக்கும்.

அதோடு ஆவியாதல். வெயில் காலத்தில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் என்று வைத்தாலும் 60 ஏக்கர் விரிந்த குளத்திலிருந்து நாளொன்றுக்கு ஒரு ஏக்கர் அடி மேலே போகிறது. வாய்க்கால்காரரிடம் இதைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன்.

ஏப்ரல் 9

தம்பி மறுபடி: “இதெல்லாம் நியூட்டன் காலத்துக்குப் பிறகுதானே?”

பபிலோன் களிமண் பலகைகளில் இருக்கிறது, தம்பி. கி.மு. 350-க்கும் 50-க்கும் இடைப்பட்டவை. 2016-இல் அவற்றைப் படித்து வெளியிட்டார்கள். வியாழன் முதலில் தெரியும் நாளில் ஒரு நாளைக்கு 12 கலை நகர்கிறது, 60 நாளில் அது ஒன்பதரைக் கலையாகக் குறைகிறது. சராசரி பத்தே முக்கால் கலை, அதை 60 நாளால் பெருக்கினால் பத்தே முக்கால் பாகை. வேக–நேர வரைபின் கீழுள்ள சரிவகம். எங்கள் பஞ்சாங்கத்திலும் பாகைக்கு அறுபது கலைதானே, அதனால் பெருக்கல் கண்ணுக்கு இதமாக இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கம்: 1994-இல் ஒரு நீரிழிவு ஆய்விதழில், சீனிப் பரிசோதனை வளையியின் கீழுள்ள பரப்பைக் காணப் புதிய முறை என்று ஒரு கட்டுரை வந்தது. புதிய முறை, நமது சரிவகந்தான். கணிதக்காரர்கள் இன்னும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். பெப்ரவரி 11-ஐ நினைத்ததும் நிறுத்திவிட்டேன்.

மே 6

அம்மாவின் மண்பானை. உயரம் 30 சென்ரிமீற்றர். நூலால் சுற்றளவு எடுத்தேன்: அடி 40, நடு 100, கழுத்து 50. சுற்றளவை வர்க்கித்து 4π-ஆல் வகுத்தால் குறுக்குவெட்டுப் பரப்பு. அடி ஒரு பங்கு, நடு நாலு பங்கு, கழுத்து ஒரு பங்கு, உயரத்தில் ஆறில் ஒன்றால் பெருக்கல். 17½ லீற்றர் வந்தது.

ஒன்றரை லீற்றர் போத்தலால் ஊற்றிப் பார்த்தேன். பத்தரைப் போத்தல், அதாவது 15¾ லீற்றர்.

அரை மணித்தியாலம் சிம்சனைத் திட்டினேன். பிறகு அம்மா, “வெளியால நூல் சுத்தினா ஓட்டின்ர தடிப்பு எங்கே போகும்?” என்றா. மறுபடியும் வரம்பு! மிசின்காரர் நடந்த அதே இடத்தில் நானும் நடந்திருக்கிறேன்.

இந்த மூன்று அளவுச் சூத்திரம் சிம்சன் பிறப்பதற்கு முன்பே கெப்ளர் கையிலிருந்தது. 1613-இல், லின்ஸ் நகரில் இருந்த காலத்தில், அவருக்குக் கலியாணம். வைன் வியாபாரி பீப்பாவின் துளைக்குள் கோலை மூலைவாட்டாக விட்டு, நனைந்த நீளத்துக்கு விலை சொல்லியிருக்கிறான். மாப்பிள்ளைக்குச் சந்தேகம் வந்து, 1615-இல் பீப்பாக் கொள்ளளவு பற்றி ஒரு புத்தகமே எழுதிவிட்டார். சூரியனைச் சுற்றும் கோள்களை ஒழுங்குபடுத்தினவரைக் கலியாண வீட்டுக் கணக்கு விடவில்லை.

ஜூன் 18

வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. அகலம் 3 மீற்றர், அரை மீற்றருக்கு ஒருக்கால் தடியை ஊன்றி ஆழம்: 0, 0.30, 0.55, 0.60, 0.50, 0.25, 0. சரிவகப்படி 0.5 × 2.2 = 1.1 சதுர மீற்றர். வைக்கோல் துண்டு 10 மீற்றர் போக 25 செக்கன். மேற்பரப்புத் தண்ணீர் சராசரியைவிட வேகமாக ஓடும், அதனால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். செக்கனுக்கு ஏறத்தாழ 370 லீற்றர்.

பெப்ரவரிப் பிழையை இங்கே செய்து ஏழால் வகுத்திருந்தால் 1.1 அல்ல, 0.94 வரும். ஏழில் ஒரு பங்கு தண்ணீர் காகிதத்திலேயே வற்றியிருக்கும், வாய்க்கால்காரருக்கு மறுபடியும் கெட்ட பெயர்.

ஜூலை 30

“காணியும் இல்லை, குளமும் இல்லை, வாடகை வீட்டில் இருக்கிறேன்” என்றவருக்கு: மின்சார மானி. வலு–நேர வரைபின் கீழுள்ள பரப்புத்தான் நீங்கள் காசு கட்டும் யூனிற். 750 வாற் மோட்டர் இரண்டு மணித்தியாலம் ஓடினால் செவ்வகம், ஒன்றரை யூனிற். குளிர்சாதனப் பெட்டி நின்று நின்று ஓடும், அதன் வரைபு பல்லுப்பல்லாக இருக்கும். மானி அதையும் சலிக்காமல் கூட்டிக்கொண்டிருக்கிறது.

தம்பி சைக்கிளைப் பற்றி மூச்சுவிடவில்லை.

டிசம்பர் 9

ஒரு கிழமை மழை. குளம் வான் பாய்ந்து, ஓடை இரண்டு நாள் வயலுக்குள்ளால் ஓடியது. 2018 டிசம்பர் வெள்ளம் அளவுக்கு இல்லை, ஆனாலும் கரையை அரித்துவிட்டது. இன்று அண்ணையோடு போய்ப் பார்த்தேன். மருதமரம் சரிந்து கிடக்கிறது. நாலாவது முளைக்கு நேரே 93 இருந்த இடத்தில் இப்போது 89. அதற்கடுத்த 91 இப்போது 86. மற்றவை அப்படியே. சரிவகக் கணக்கில் 20 × 9 = 180 சதுர மீற்றர் போய்விட்டது, ஏழு பேர்ச். பேர்மிற்றில் இன்னும் இரண்டரை ஏக்கர்தான்.

இடையிலுள்ள பத்து மீற்றர் நீளங்களை எடுக்க முடியவில்லை, சேறு முழங்காலுக்கு மேல். தண்ணீர் வடிந்ததும் போவேன். அண்ணை இம்முறை மிசின்காரரையும் கூட்டி வருவதாகச் சொல்கிறார். கயிற்றின் மறுமுனையை அவர் பிடிக்கட்டுமாம்.